"மெதுவா வாங்க" என்று சொல்பவர்களுக்கு...

டல்லாஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகர். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, மூன்று பேரும் புறப்பட்டு நிற்கிறார்கள். நண்பர் வீட்டில் பொங்கல் விருந்து. முப்பது பேர் வருகிறார்கள். வெண்பொங்கல் அங்கே தயார், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு இவர்கள் பொறுப்பு. பெரிய பாத்திரம் நிறைய கொத்சு, மூடி போட்டு, துணி சுற்றி வாசலில் காத்திருக்கிறது.

மத்தியானம் முழுக்கத் தூறிக்கொண்டிருந்த மழை இப்போது நின்றுவிட்டது. கணவன் கதவைத் திறந்து முதல் படியில் கால் வைக்கிறான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஒரு வழியாக நின்றுவிட்டு, போனை எடுக்கிறான்.

"அண்ணா, ரோடு சரியில்ல போலிருக்கு. நாங்க வரலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"என்னப்பா, இங்க ஒண்ணுமே இல்லையே! பதினைஞ்சு நிமிஷம்தானே, மெதுவா வாங்க."

அந்த அண்ணா நல்ல மனிதர். பாசத்தில்தான் கூப்பிடுகிறார். ஆனால் அவர் சொன்ன இரண்டு விஷயங்களுமே தவறு. தமிழ்க் குடும்பங்கள் தை மாதத்தில் குளிர் தேசத்துச் சாலைகளில் கார் எடுப்பதற்கு அந்த இரண்டு வாக்கியங்களும் ஒரு முக்கியமான காரணம்.

முதலில் "இங்க ஒண்ணுமே இல்லையே!"

ஐஸ் ஊர் முழுக்க ஒரே மாதிரி வருவதில்லை. தரையில் போட்ட சாலைக்கு மண்ணின் சூடு கொஞ்சமாவது கிடைக்கும். பாலத்துக்கு அது கிடையாது. மேலேயும் குளிர்காற்று, கீழேயும் குளிர்காற்று. அதனால் பாலம்தான் முதலில் உறையும். டல்லாஸோ மேம்பாலங்களின் ஊர். 2005ல் கட்டி முடித்த 'ஹை ஃபைவ்' சந்திப்பில் நெடுஞ்சாலைகள் ஐந்து அடுக்குகளாக ஒன்றின் மேல் ஒன்று போகின்றன. உச்சி அடுக்கு பன்னிரண்டு மாடி உயரம்! அண்ணா வீட்டு வாசல் காய்ந்து கிடப்பதற்கும் அந்த உச்சியில் என்ன இருக்கிறது என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, அந்த ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. மழைத்துளி தண்ணீராகவே விழுந்து, பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் சாலையைத் தொட்டதும் கண்ணாடிப் படலமாக உறைந்துவிடும். அடியில் இருக்கும் தாரின் நிறம் அப்படியே தெரிவதால் 'பிளாக் ஐஸ்' என்கிறார்கள். ஓட்டுபவருக்கு அது ஈரச்சாலை மாதிரிதான் இருக்கும், பிரேக்கைத் தொடும் வரை.

அடுத்தது "மெதுவா வாங்க."

வேகத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த சாலையில் கார் நிற்க எடுக்கும் தூரத்தைப்போல் பத்து மடங்கு வரை ஐஸில் ஆகலாம் என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமே சொல்கிறது. பெரிய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. நாலு சக்கரமும் இழுத்தால் கிளம்புவதுதான் சுலபம், நிறுத்துவது இல்லை. போதாததற்கு, இவர் மெதுவாகப் போனால் பின்னால் வருபவரும் மெதுவாக வருவார் என்று என்ன நிச்சயம்?

2021 பிப்ரவரி 11, விடியற்காலை. டல்லாஸின் பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில், ஐ-35 மேற்கு நெடுஞ்சாலையில், உயரத்தில் போகும் கட்டணத் தடம். உறையும் மழை பெய்திருந்தது. ஒரு வண்டி வழுக்கி நின்றது, அடுத்தது அதில் மோதியது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது... பக்கச் சுவர்கள் இருந்ததால் ஒதுங்க இடமில்லை. 130 வாகனங்களுக்கு மேல் நொறுங்கின. ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் முன்கூட்டியே உப்புக் கரைசல் தெளித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"மினசோட்டாவில் மைனஸ் இருபதில் ஓட்டுகிறார்களே, கனடாவில் ஓட்டுகிறார்களே?" என்று உடனே ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே வண்டியும் வேறு, ஊரும் வேறு. சாதாரண டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று 2008லிருந்து சட்டமே இருக்கிறது. டெக்சாஸில் அப்படி டயர் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடுங்குளிரில் கெட்டித்துப்போன ஐஸை விட, பூஜ்யத்தை ஒட்டி மேலே லேசாக நீர் படிந்த ஐஸ் இன்னும் மோசமாக வழுக்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, ஒரு குடும்பம் வீட்டில் தங்கினால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் நல்லதா? இல்லை. இதற்கு அட்லாண்டாதான் சாட்சி.

2014 ஜனவரி 28. அட்லாண்டாவில் பெய்தது இரண்டரை அங்குலப் பனிதான். மத்தியானம் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டார்கள். ஊரே ஒன்றாகச் சாலைக்கு வந்தது. உப்பு போட வேண்டிய லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. உப்பு இல்லாததால் சாலை உறைந்தது, உறைந்ததால் நெரிசல் கலையவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார்கள். ஐ-285 நெடுஞ்சாலையில் ஒரு பெண்ணுக்குக் காரிலேயே குழந்தை பிறந்தது.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரியில், இன்னொரு ஐஸ் புயல். இந்தத் தடவை அரசாங்கம் முன்னதாகவே எச்சரித்தது, ஜனங்களும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நெடுஞ்சாலைகள் வெறிச்சென்று கிடந்தன. அதே ஊர், அதே சாலைகள். முந்தைய கூத்து திரும்ப நடக்கவில்லை.

ஐஸ் நாளிலும் போயே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். நர்ஸ், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மின்கம்பி சரிசெய்பவர். ஃபோர்ட் வொர்த்தில் அடிபட்டவர்களிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மருத்துவமனை ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் உப்பு லாரிக்கும் சாலை காலியாக இருக்க வேண்டும். கொத்சு பாத்திரத்துக்கு அந்த அவசரம் இல்லை.

இதனால் அந்த மாலைப்பொழுது அற்பமானது என்று ஆகிவிடாது. வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் வந்து, ஐந்து நாளும் நாலு சுவருக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் தமிழில் சத்தம் போடும் ஒரு வீடு என்பது சாதாரண விஷயமா? மூன்று வாரமாக அந்த நாளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். பட்டுப் பாவாடை போட்டுக்கொண்ட குழந்தைக்கு ஐஸைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது? அந்த ஏமாற்றம் நிஜமானது. அதனால்தான் "மெதுவா வாங்க" என்ற ஒரு வார்த்தை போதும், அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

கூடவே ஒரு பயமும் உண்டு. நம் ஊர்க் கணக்கில், விசேஷத்துக்கு ஒரு தடவை போகாவிட்டால் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். கடல் தாண்டியும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஆகவே "வேண்டாம்" என்ற முடிவை வருகிறவர் தலையில் போடுவது நியாயமே இல்லை. அழைத்தவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். அதுவும் மத்தியானத்துக்குள், ஆட்கள் புடவை கட்டுவதற்கு முன்னால்.

ஹாலுக்குப் பணம் கட்டியாயிற்றே என்பார்கள். நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். சமைத்தது வீணாகுமே என்பார்கள். வெளியே ஊரே ஃப்ரிட்ஜாகக் கிடக்கும்போது எது கெட்டுப்போகப் போகிறது? அழைப்பிலேயே "ஐஸ் வந்தால் அடுத்த சனிக்கிழமை" என்று ஒரு வரி போட்டுவிடலாம். தை முதல் நாள் புதன்கிழமை வந்தாலும் பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பவர்கள்தானே! இன்னொரு வாரம் தள்ளினால் சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் புறநகர் வீட்டில் கடைசியில் மனைவிதான் காலணியைக் கழற்றினாள். ராத்திரிக்குச் சாதமும் கொத்சும். குழந்தை பாவாடையைக் கழற்ற மறுத்துவிட்டது.

எட்டரை மணிக்கு அண்ணாவே கூப்பிட்டார். முப்பது பேரில் பதினொரு பேர்தான் வந்தார்களாம். அவர்கள் திரும்பிப் போக வேண்டிய மேம்பாலத்தைப் போலீஸ் மூடிவிட்டதாம். வீட்டில் எத்தனை போர்வை இருக்கிறது என்று அண்ணி எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.