“வீட்டில் பயிற்சி கொடுக்கவும்” – எந்த நேரத்தில்? யார் கூலியில்?

கீழத் தஞ்சையில் ஒரு கிராமம். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் நேரம். ஒரு பெண் தோழர் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். “இதிலே என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க தோழர்” என்றார்.

பிள்ளைக்கு நாலு வயது. எட்டாம் மாதத்தில் பிறந்தவன். இடது கை முஷ்டி பிடித்தபடி மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. வலது கையால் மட்டும் எதையும் எட்டிப் பிடிக்கிறான். தாய் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, ஜில்லாத் தலைநகரில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார். அங்கே பயிற்சி தருபவர் ஒரே ஆள். காத்திருந்தவர்களின் வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டில் இருந்தது இதுதான்:

தினம் மூன்று வேளை, வேளைக்கு இருபது நிமிஷம் வீட்டில் பயிற்சி கொடுக்கவும். மணி கோர்க்க, பந்து பிடிக்க, தானாகச் சாப்பிடப் பழக்கவும். மூன்று மாதம் கழித்து வரவும்.

நாம் படித்துச் சொன்னோம். அந்தத் தாய் ஒரு கேள்வி கேட்டார்: “விடியறதுக்கு முன்னே சோறாக்கி வெச்சுட்டு நடவுக்குப் போறேன். வந்து சேர பொழுது சாயுது. மூணு வேளைன்னா எந்த மூணு வேளை?”

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களை நோக்கித்தான் இதை எழுதுகிறோம்.

இது என்ன சிகிச்சை?

டாக்டர்கள் இதை ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்கிறார்கள். செயல்வழிச் சிகிச்சை என்று நாம் சொல்லலாம். ‘ஆக்குபேஷன்’ என்றால் தொழில் அல்லவா, நாலு வயதுப் பிள்ளைக்கு ஏது தொழில் என்று தோழர்கள் கேட்கலாம். உண்பது, உடுப்பது, விளையாடுவது, எழுதுவது – இவைதாம் குழந்தையின் தொழில். இவற்றைச் செய்ய முடியாத பிள்ளையை, செய்ய வைத்தே பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

கையின் அருமை நமக்குத் தெரியாததா? ஸ்பின்னிங் மில்லில் அறுந்த இழையை ஓடுகிற கதிரில் பிடித்து இணைப்பது இரண்டு விரல். சேற்றில் நாற்றை ஊன்றுவது அதே இரண்டு விரல். மனிதன் உழைத்தான், அந்த உழைப்பாலேயே அவன் கையும் உருவாயிற்று என்று 1876இல் ஏங்கெல்ஸ் எழுதினார். மனித குலத்துக்குச் சொன்னது ஒவ்வொரு குழந்தைக்கும் பொருந்தும். வேலை செய்து பழகித்தான் குழந்தையின் கை கையாகிறது.

புளியங்கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொறுக்கிச் சொப்பில் போட வைப்பது, களிமண் உருட்ட வைப்பது, சட்டைப் பொத்தான் மாட்ட வைப்பது, கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கி அவனே அள்ளி உண்ண விடுவது – எல்லாம் பயிற்சி. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியைவிட நல்ல விரல் பயிற்சி எது? ஒரு பக்கக் கை மட்டும் பலவீனமான பிள்ளைக்கு, நல்ல கையைத் தினம் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தி வைத்து, பலவீனக் கைக்கே வேலை கொடுக்கும் முறையும் உண்டு. அதனால் பலன் இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கைவைத்தியம் அல்ல. எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை, எப்படி உட்கார வைப்பது, விறைத்த விரலை எவ்வளவு விரிக்கலாம் என்பதைப் படித்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பலவந்தமாக இழுத்தால் காயம்தான் மிஞ்சும். எண்ணெய் போட்டு நீவினால் மட்டும் கை வேலை கற்றுக்கொள்ளாது. பிள்ளையே செய்ய வேண்டும், பல நூறு தடவை செய்ய வேண்டும்.

முக்கியமாக, இளம் வயதில் செய்ய வேண்டும். முதல் சில ஆண்டுகளில்தான் மூளை வெகு வேகமாக வளர்ந்து புதிய வழிகளைப் போட்டுக்கொள்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் சொல்லி வருவது இதற்கும் பொருந்தும். மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறவர்கள், பிள்ளையின் வயது காத்திருக்காது என்பதை யோசித்தார்களா?

எழுபது ஆண்டு உறக்கம்

இந்த வித்தை புதிதா? இல்லை. அமெரிக்காவில் 1917இல் இதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் சிதைந்து திரும்பிய சிப்பாய்களைப் பழக்க ஆள் தேவைப்பட்டபோது, சர்க்காரே பெண்களைப் பயிற்றுவித்து ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. யுத்தத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பணமும் வருகிறது, ஆளும் வருகிறது!

நம் நாட்டில் 1950இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் அம்மையார் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? பரேலில், பஞ்சாலைத் தொழிலாளிகள் வாழ்ந்த வட்டாரத்தில்! நடத்துவது நகரசபை. அதே காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, அந்தக் கைகளுக்குக் கைத்தொழிலும் பழக்கினார். ஆக, வித்தை இருந்தது. கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தார்கள். ஆனால் இந்தத் தொழில் செய்வோரை முறைப்படுத்த ஒரு மத்தியச் சட்டம் எப்போது வந்தது? 2021இல்! எழுபத்தொரு ஆண்டு!

காகிதத்தில் குறைவில்லை

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன் 25ஆவது பிரிவு, குடும்ப வருமானத்துக்கு உட்பட்டு, அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், இலவச மருத்துவ வசதி தரவேண்டும் என்கிறது. ‘அருகிலேயே’ என்றால் இரண்டு பஸ் தூரமா?

2013இல் மத்திய சர்க்கார் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். குறை கண்டால் ஜில்லாவில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் நல்லது, நாம் குறை சொல்லவில்லை. கண்டுபிடிக்கக் குழு கிராமத்துக்கு வருகிறது. ஆனால் கண்டுபிடித்த பிறகு பழக்குவதற்கு யார் வருகிறார்கள்? ஜில்லாவுக்கு ஒரு மையம் என்றால், கடைசிக் கிராமத்துப் பிள்ளைக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தானே!

தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதாந்தரப் பராமரிப்புத் தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் வாரம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் கொடுத்து, டவுனுக்குப் போய் வரும் தாய்க்கு அது எத்தனை வாரம் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று சமாதானங்கள்

நாம் கேட்டால் மூன்று விதமாகப் பதில் சொல்லுகிறார்கள்.

ஒன்று: “எல்லாம் தலைவிதி.” இல்லை! குறை மாதப் பிரசவம், எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை – மூளைவாதத்துக்குத் தெரிந்த காரணங்கள் இவை. எல்லாப் பிள்ளைக்கும் இவைதாம் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை என்று சர்க்காரே சொல்லியிருக்கிறது. நிறைமாதத்திலும் குனிந்து நாற்று நடுகிறவளின் வயிற்றில் விதி எழுதுவது பிரம்மதேவன் அல்ல.

இரண்டு: “தனியார் மையங்கள் இருக்கின்றனவே.” இருக்கின்றன. முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு நம் ஒரு நாள் கூலியை அப்படியே விழுங்கிவிடுகின்றன. இதைவிட மோசம், பெற்றவளின் கண்ணீரைக் காசாக்கும் ‘ஸ்டெம் செல்’ வியாபாரம். ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்குத் தவிர மற்றவற்றுக்கு இது இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது என்று 2017இல் வெளியான தேசிய வழிகாட்டு நெறிகள் சொல்லுகின்றன. நிலத்தை அடகு வைத்து ஊசி போடப் போகும் தோழர்களே, ஏமாறாதீர்கள்!

மூன்று: “தாய்க்கு அக்கறை வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதுதானே.” இந்த மூன்றாவதுதான் நெஞ்சைச் சுடுகிறது. வீட்டில் செய்வதுதான் நல்ல முறை என்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் வீட்டில் தாய் எங்கே இருக்கிறாள்? முதலாளியின் ஷிப்டிலும் மிராசுதாரரின் வயலிலும் அல்லவா இருக்கிறாள்? அவளுடைய பகலை அவர்கள் வாங்கிக்கொண்டு, பயிற்சி கொடுக்கவில்லை என்ற பழியை மட்டும் அவள் தலையில் போடுகிறார்கள். அந்தக் கிராமத்தில் அந்தப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? எட்டு வயது அக்காள். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு பிள்ளையின் கை போகிறது. இன்னொரு பிள்ளையின் படிப்பும் போகிறது.

730 நாள்

மத்திய சர்க்கார் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். ஊனமுள்ள குழந்தை என்றால் பிள்ளையின் வயது வரம்புகூட இப்போது இல்லை. அந்த ஊழியர்கள் அதைப் பெற்றிருப்பது நியாயம். நமக்கு அவர்கள் மேல் பொறாமை இல்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: சர்க்கார் ஆபீசில் வேலை செய்கிறவளின் பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சர்க்காருக்கு, மில்லில் நூல் இணைக்கிறவளின் பிள்ளைக்கும் தாய் வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. தனக்கு நோய் வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும். பிள்ளையைப் பயிற்சிக்குத் தூக்கிப் போகும் நாளுக்கு? ஒரு காசு கிடையாது. விவசாயத் தொழிலாளிக்கு அந்த ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. அவளுக்கு 730 நாள் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் கூலியோடு கொடுங்கள், பார்ப்போம்!

நம் மேலும் குற்றம் உண்டு

சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பஞ்சப்படிக்காகப் போராடினோம், போனசுக்காகப் போராடினோம். நம் கோரிக்கைச் சாசனத்தில் இந்தப் பிள்ளைகளின் கை எத்தனை தடவை இடம்பெற்றது? மில்லில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அது நடந்ததா என்று நாம் எத்தனை மில்லில் கேட்டோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பழக்குவது பெண்ணின் வேலை என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண் தோழர்களே! இருபது நிமிஷம் உங்களுக்கும் உண்டு. புளியங்கொட்டை பொறுக்க வைக்க மீசை தடையா?

பள்ளிக்கூடத்திலும் கண்ணைத் திறந்து பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்குக் கை கால் ஒருங்கிணைப்புக் குறை இருக்கிறது. பென்சில் பிடிக்க வராது; எழுத்து கோணும்; செருப்பு வார் மாட்ட வராது. புத்தியில் குறைவில்லை. ஆனால் “மக்கு” என்று பெயர் வாங்கி, அடியும் வாங்கி, பள்ளியை விட்டு நிற்கிறார்கள். அடியால் கை பழகாது, பயிற்சியால் பழகும்.

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் செயல்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் நிரந்தரப் பணியில் வேண்டும். அவர் வாரம் ஒரு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ வர வேண்டும்.

இரண்டு: பயிற்சிக்குப் போகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி வேண்டும். மில்லில் நிர்வாகம் கொடுக்கட்டும். விவசாயத் தொழிலாளிக்கு சர்க்கார் ஈடு செய்யட்டும்.

மூன்று: அங்கன்வாடி ஊழியர்களுக்கு இதில் பயிற்சி கொடுங்கள். வேலையைக் கூட்டினால் சம்பளத்தையும் கூட்டுங்கள்.

கோரிக்கை வெல்லும் வரை கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. எட்டு ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருக்கும் குழந்தை – நம் தெருவில் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். “தானே சரியாகிவிடும்” என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போனால் துண்டுச் சீட்டுதான் கிடைக்கும். பட்டியலோடு, பிள்ளைகளோடு, சங்கக் கொடியோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.

அந்தத் தாய் சீட்டை மறுபடியும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிள்ளை வலது கையை நீட்டி நம் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தான். நல்ல பிடி! இடது கையும் அப்படிப் பிடிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. நேரமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்த நேரத்தைத் திருடுகிறவர்களிடமிருந்து அதைப் பறித்துக் கொடுப்பது நம் கடமை.

உழைப்பாளி மக்களே, ஒன்று சேருவீர்! நம் பிள்ளைகளின் கைகளை மீட்போம்!