பகிடிக்கு அகப்பட்ட பஞ்சப்பராரி

‘பகிடிக்குத்தானே சேர்’ என்கிறார்கள். பஞ்சப்பராரி, ஓட்டாண்டி, பரதேசி, மிஸ்கீன், அகதி... கையில் காசில்லாதவரைச் சிரிப்புக்கு அழைக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமேயில்லை. பெருநாள் மேடை நாடகமோ நமது சிறுகதையோ, கிழிந்த சாரத்தோடு ஒருவர் வந்து இவற்றில் ஒன்றால் ஏச்சு வாங்கினால் சபை சிரிக்கும் என்பது எழுதுகிறவருக்கு நிச்சயம்.

சொற்களைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பஞ்சப்பராரி, பஞ்சத்தால் ஊரைவிட்டு ஓடியவன். பரதேசி, வேறு தேசத்தான். அகதி, கதியற்றவன். மூன்றிலும் காசைப் பற்றிய பேச்சே கிடையாது. ஊரிழந்து வந்ததைத்தான் நாம் பகிடி பண்ணுகிறோம்.

புத்தளம் கரையில் இருப்பவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் கடையும் வீடும் வைத்திருந்தவர்கள் உடுத்த உடையோடு வந்தார்கள். இவ்வூர் மக்கள் இடம் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். கூடவே ஒரு பெயரையும் கொடுத்துவிட்டார்கள். முகாமில் பிறந்து வடக்கைக் கண்டேயிராத பிள்ளையும் வகுப்பில் ‘அகதி’யானான். இன்று அவனுடைய பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறேன். சண்டை வந்தால் அதே சொல். இப்போது ‘அஸ்வெசும’வும் சேர்ந்திருக்கிறது. 2023இல் தொடங்கிய அரசாங்க உதவியின் பெயர், அதற்குள் ஏச்சாகிவிட்டது!

மிஸ்கீனுக்கு நடந்தது இன்னும் மோசம். அல்குர்ஆன் (9:60) ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் பக்கீரையும் மிஸ்கீனையும் முதலில் வைக்கிறது. கடன்பட்டவரையும் வழிப்போக்கரையும், அதாவது நம் பரதேசியையும், அது விட்டுவிடவில்லை. அங்கே இவை உரிமையுடையோரின் பெயர்கள்.

‘ஏழைகளே தங்களை அப்படிச் சொல்லிச் சிரிப்பதில்லையா?’ என்று எழுத்தாள நண்பர் ஒருவர் கேட்டார். சிரிக்கிறார்கள்தான். ‘நாங்க அன்றாடங்காய்ச்சி, கடல் தந்தாத்தான் அடுப்பெரியும்’ என்று வாடியிலிருந்து சொல்பவர் தன் நிலையைச் சொல்கிறார். அதையே அவருடைய முதலாளி சொன்னால், கூலியைக் குறைப்பதற்கு அது முன்னுரை.

கடைக்கு 500 ரூபா கொடுக்கவேண்டியவன் ‘கடன்காரன்’. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கமே கையை விரித்தது. அதற்குக் கிடைத்த பெயர் ‘கடன் மறுசீரமைப்பு’. அடுத்த பெருநாள் மேடையில் நமது நாடகாசிரியர்கள் அதை வைத்து ஒரு பகிடி விடட்டுமே.