ஓடும் வீடு! பழைய வேன் வாங்குமுன் யோசியுங்கள்

ஒரு பழைய வேன். அதற்குள் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். ஓட்டல் வாடகை இல்லை. இருட்டி விட்டால் வண்டியிலேயே தூங்கலாம்.

இப்படி ஓர் ஆசை இப்பொழுது பலருக்கு வந்திருக்கிறது. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் தங்குகிறார்களே, "கேரவன்", அதைப் போன்ற வண்டி. கேரளத்தில் 2021-ம் ஆண்டு, சுற்றுலாவுக்காகவே "கேரவன்" திட்டத்தை அந்த மாநில சர்க்கார் அறிவித்தது.

ஆசை நல்லதுதான். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டியைப் புதுப்பிப்பது சுலபம். அதற்கு உரிய காகிதங்களை வாங்குவதுதான் கஷ்டம்!

லாரியே வீடு

வண்டியில் குடித்தனம் செய்வது நாமக்கல், சங்ககிரி பக்கத்து மக்களுக்குப் புதிது அல்ல. இங்கிருந்து வடக்கே போகும் லாரி டிரைவர் பல நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். லாரிதான் அவருக்கு வீடு. பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பும் அரிசியும் இருக்கும். சாலை ஓரத்தில் சோறு பொங்கும். சீட்டுக்குப் பின்னால் படுக்கை.

லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலில் நாமக்கல்லுக்குப் பெரிய பெயர் உண்டு. தொழிற்சாலையில் இருந்து வெறும் "சேசிஸ்" வந்து நிற்கும். தச்சர், கொல்லர், தகடு வேலை செய்பவர், வயரிங் செய்பவர், பெயிண்டர் எல்லோரும் சேர்ந்து அதை முழு லாரி ஆக்கி விடுவார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் "ரிக்" வண்டிகள் உருவாகின்றன. இந்தக் கைகளுக்கு ஒரு வேனில் கட்டிலும் அடுப்பும் வைப்பது பெரிய வேலையா?

ராமராவின் வேன்

பழைய வேன் ஒன்று அரசியலையே கலக்கியதும் உண்டு. 1982-ல் ஆந்திரத்தில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய நடிகர் என்.டி.ராமராவ், பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி அமைத்தார். "சைதன்ய ரதம்" என்று பெயர் வைத்தார். அதன் கூரை மேல் நின்று பேசினார். 1983 ஜனவரியில் முதல்-மந்திரி ஆனார்.

அது அந்தக் காலம். இன்று?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படியுங்கள். தொழிற்சாலை கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, விதியை மீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அல்லது 6 மாதம் வரை ஜெயில். அல்லது இரண்டும்!

கழற்றி எடுக்கும்படி ஒரு மெத்தையும் பெட்டியும் வைத்துக்கொள்வது வேறு. சீட்டுகளைப் பிடுங்கி, கூரையை உயர்த்துவது வேறு. இரண்டாவதைச் செய்து விட்டு, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் ஓட்டினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் பணமும் கைக்கு வராமல் போகலாம்.

50 வயது வண்டி

"என் வண்டி பழம்பெரும் வண்டி ஆயிற்றே, சலுகை இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய சொந்த வண்டிக்குத் தனி வரிசையில் நம்பர் கிடைக்கும். ஆனால் அதன் சேசிஸ், கூண்டு, என்ஜின் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். அன்றாடம் ஓட்டவும் கூடாது. ஆகவே, கட்டிலும் அடுப்பும் பொருத்தி ஊர் சுற்ற நினைப்பவருக்கு இந்த வழி பயன்படாது.

செலவையும் பாருங்கள். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய கார், வேனுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி.

வாங்குமுன் கவனியுங்கள்

முதலில் ஆர்.சி. புத்தகம். சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளபடி இருக்கிறதா? வரி பாக்கி, கடன் பாக்கி உண்டா? வாடகை வண்டி என்றால், சொந்த வண்டியாக மாற்ற முடியுமா?

பிறகு சேசிஸ். பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுத்தியலால் தட்டினால் துரு உதிர்கிறதா? என்ஜினை மாற்றி விடலாம். அரித்துப் போன சேசிஸை நம்பிக் குழந்தைகளை ஏற்ற முடியாது.

மூன்றாவது, உதிரி பாகம். மெட்டடோர் போன்ற பழைய வேன்கள் இப்பொழுது தயாராவது இல்லை. பாகங்களுக்குப் பழைய இரும்புக் கடைகளை நாட வேண்டியிருக்கும்.

நான்காவது, சமையல் வாயு. கதவை மூடிவிட்டு வண்டிக்குள் அடுப்புப் பற்ற வைக்காதீர்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து!

வழி வேண்டும்

பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை மத்திய சர்க்கார் 2021-ல் அறிவித்தது. புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் நியாயம் இருக்கிறது. கண்டபடி கட்டிய வண்டி, ஓட்டுகிறவருக்கு மட்டும் அல்ல, எதிரே வருகிறவருக்கும் எமன்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கேரவன் வண்டிக்குத் தனி விதிகள் இருக்கின்றன. மாதிரி வண்டி ஒன்றைச் செய்து, சோதனை நிலையத்தில் காட்டி, சான்று பெற வேண்டும். நூறு வண்டி செய்யும் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகும். ஒரே ஒரு வேனைச் செய்து தரும் பட்டறைக்காரர் என்ன செய்வார்? கூண்டோடு கூடிய லாரிகளைக் கம்பெனிகளே விற்கும் இந்த நாளில், அவருக்குப் புதிய வேலையும் வேண்டும் அல்லவா?

அங்கீகாரம் பெற்ற பட்டறைகளில் செய்த வண்டி ஒன்றே ஒன்றானாலும், குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சான்று தர ஏற்பாடு வேண்டும். பயணிகளுக்குப் பாதுகாப்பு, பட்டறைக்கு வேலை. இரண்டும் கிடைக்கும்.

அது வரும்வரை? வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பட்டறைக்கு அப்புறம் போகலாம்!