மக்கள் வரவில்லையா, நாம் அழைக்கவில்லையா?

"நம்ம ஜனங்களுக்குக் கருத்தரங்குன்னா ஆர்வமே இல்ல தோழர்." ஏப்ரல் 14 முடிந்தாலும் டிசம்பர் 6 முடிந்தாலும் இந்தப் புலம்பல் கேட்கிறது. இருநூறு நாற்காலி போட்ட அரங்கில் நாற்பது பேர். அதில் பத்துப் பேர் பேச்சாளர்கள், மீதிப் பேர் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற அதே முகங்கள். உடனே தீர்வும் சொல்லிவிடுகிறார்கள்: "சரியா மார்க்கெட்டிங் பண்ணணும்." அதாவது ஒரு சினிமாக்காரர், பெரிய ஃப்ளெக்ஸ், நாலு ரீல்ஸ்.

விளம்பரம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வராதவர்கள் மீது பழி போடாதீர்கள் என்கிறோம்.

வழக்கமான அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுங்கள். பொருள்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நாள்: வெள்ளிக்கிழமை. நேரம்: காலை பத்து மணி. இடம்: நகரத்தின் நடுவே ஏ.சி. அரங்கம். தலைப்பில் பாதி ஆங்கிலம். கீழே பதினெட்டுப் பெயர்கள், பதினெட்டுப் பட்டங்கள். களை பறிக்கப் போகும் அக்காவும், விடியற்காலையில் துடைப்பம் எடுக்கும் தூய்மைப் பணியாளரும், செங்கல் சூளையில் நிற்கும் அண்ணனும் இந்த அழைப்பிதழில் எங்கே இருக்கிறார்கள்? "இது உனக்கில்லை" என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

அந்தச் சட்டத்துக்குத் தெரிந்தது அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை. சட்டம் 1989இல் வந்தது, விதிகள் 1995இல் வந்தன. விசாரணைக்கு வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு தர வேண்டும், அந்த நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி தர வேண்டும் என்கிறது 11ஆம் விதி. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. நம் அமைப்பாளர்கள் மட்டும் அதை "ஆர்வமின்மை" என்கிறார்கள்.

மகத் மாநாட்டை நினைத்துப் பாருங்கள். 1927 மார்ச் 19, 20. அண்ணலின் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் சொல்கிறார்: தொண்டர்கள் மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய், மாநாடு எதற்கு என்று எளிய மக்களுக்கு விளக்கினார்கள். சிறுவர்களும் முதியவர்களும் ரொட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடந்து வந்தார்கள். கூடியவர்கள் குடிக்கச் சாதி இந்துக்களிடம் நாற்பது ரூபாய்க்குத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. அந்த மக்கள்தான் அடுத்த நாள் அண்ணலோடு நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். எந்த ஃப்ளெக்ஸும் அவர்களை அழைத்து வரவில்லை. தங்கள் தாகத்தைப் பற்றிய மாநாடு என்று தெரிந்ததால் வந்தார்கள்.

நம் மண்ணிலும் பாடம் உண்டு. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து வார இதழ் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் அதற்கு வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர்! யாருக்காக நடத்துகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொன்ன விளம்பரம் அது.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டம் சேர்க்கக் கொலையுண்டவரின் உடல் படத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மேடையில் உட்காரவைத்து, அழுததும் மைக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பும் வரை பேசட்டும். நம் பிணங்கள் யாருடைய நிகழ்ச்சிக்கும் விளம்பரப் பொருள் அல்ல.

மாணவத் தோழர்களே, அடுத்த கருத்தரங்கு உங்கள் கையில். ஞாயிறு மாலை வையுங்கள். சேரிக்குள்ளேயே சமுதாயக் கூடம் இருந்தால் அங்கே வையுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் முடியுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் நில்லுங்கள், பெண்கள் வருவார்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது அழைப்பு ஆகாது.

நோட்டீஸில் பட்டங்களைக் குறைத்து, மக்கள் கேட்கும் கேள்வியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: "புகார் கொடுத்தால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறதா? என்ன செய்யலாம்?" வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறது என்பதை அந்த நோட்டீஸிலேயே எழுதுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர் கையிலும் ஓர் ஆயுதம் மிஞ்சும்.

அரங்கு நிறைந்ததா என்று மட்டும் எண்ணாதீர்கள். அங்கிருந்து போனவர்களில் எத்தனை பேர் காவல் நிலையப் படியைப் பயமில்லாமல் ஏறினார்கள் என்று எண்ணுங்கள்.

ஜெய்பீம்!