நடு அடி



மணற்குழியில் வந்து விழும் வீரனைக் கண்டு மக்கள் கைதட்டுகிறார்கள். ஆனால், மும்முறைத் தாண்டலின் வெற்றி மணலிலே பிறப்பதில்லை. ஓடி வருகிறான், ஒரு காலால் உந்தி எழுந்து அதே காலில் இறங்குகிறான், அடுத்த அடியில் மறுகாலுக்கு மாறுகிறான், அதன் பின்னரே தாவுகிறான். நடுவிலே வைக்கும் அந்த அடியின்போது, உடல் எடையைப் போல் பன்மடங்கு பாரத்தை ஒற்றைக்கால் தாங்க வேண்டும். அது தளர்ந்தால் தாவல் இல்லை. தாவல் இல்லையேல் தங்கம் இல்லை!

இந்தப் பாடத்தைத் தன் வாழ்வாலேயே எழுதிக் காட்டியவன், பிரேசில் நாட்டு அடெமார் பெரேரா டா சில்வா. 1927இல் சாவோ பாவுலோ நகரில் இரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தான். கறுப்பினத்தவன். அந்த நாட்டிலே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான் என்பதை எண்ணிப் பார். மனிதனை மனிதன் விலைபேசிய கொடுமை மாய்ந்து அப்போது நாற்பதாண்டுகூட நிறையவில்லை!

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் அவனுக்குப் பதக்கம் இல்லை. துவண்டானா? இல்லை, தொடர்ந்தான். 1952, எல்சிங்கி. தன் பெயரிலேயே இருந்த 16.01 மீட்டர் உலக சாதனையை ஒரே நாளில் நான்கு முறை கடந்தான்! உச்சம் 16.22 மீட்டர்; கழுத்திலே தங்கம். 1955இல் மெக்சிகோ நகரில் 16.56 மீட்டர், மீண்டும் உலக சாதனை. 1956இல் மெல்பர்னில் 16.35 மீட்டர், மீண்டும் தங்கம். சாவோ பாவுலோ கால்பந்துக் கழகத்தின் சின்னத்திலே இரண்டு பொன் விண்மீன்கள் உண்டு. அவை பந்தடித்தவர்களுக்காக அல்ல. இவனுடைய 1952, 1955 சாதனைகளுக்காக!

1960, உரோம். பதினான்காம் இடம். கால்கள் களைத்துவிட்டன. 'இனி இவனுக்கு என்ன வேலை?' என்று கேட்கத்தானே தோன்றும்?

அதற்கு விடை அவனிடம் ஆயத்தமாக இருந்தது. களத்திலே புகழ் பெறுமுன்பே சிற்பக்கலை பயின்றிருந்தான். 1959இல் வெளிவந்து, கான் விழாவின் உயர் விருதைப் பெற்ற 'கறுப்பு ஆர்ஃபியஸ்' திரைப்படத்தில் மரணமாக நடித்தான்; அதுவும் முகமூடி அணிந்து! நாடகம் எழுதுபவன் நான். புகழ் பெற்றவன் தன் முகத்தை மறைத்து நடிக்க இசைவது எத்துணை அரிது என்பதை அறிவேன்.

1964இல் நைஜீரியாவின் இலாகோசு நகருக்குப் பிரேசிலின் பண்பாட்டுத் தூதனாகச் சென்றான். எந்தக் கண்டத்திலிருந்து மனிதர்களைச் சங்கிலியிட்டுப் பிரேசிலுக்குக் கப்பலேற்றினார்களோ, அந்தக் கண்டத்துக்கு! அட்லாண்டிக் கடலைத் தாண்டிய அந்தத் தாவலை அளக்க எந்த நாடா போதும்? களத்தை விட்ட பிறகும் சட்டம் பயின்று பட்டம் பெற்றான். 2001இல் மறைந்தான்.

விளையாட்டுப் பிள்ளைக்கு ஏடு எதற்கு என்பாரும் உண்டு. வென்ற அன்று மாலை, மறுநாள் மறதி என்று நடப்பாரும் உண்டு. இருவருமே நடு அடியை மறந்தவர்கள். பதக்கம் ஈட்டும் பருவம் சில ஆண்டுகளே; வாழ்வோ நெடியது. பரிசுத் தொகையை அறிவித்ததும் கடமை முடிந்தது என்று எந்த அரசும் எண்ணலாகாது. ஓடுகின்ற நாளிலே படிக்க வழி வேண்டும். ஓய்ந்த நாளிலே உழைக்க வழி வேண்டும். அது சலுகையன்று, உரிமை!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஒலிபெருக்கியின் முன் நின்ற களிப்பில் அந்த இழப்பு அன்று தெரியவில்லை, இன்று தெரிகிறது. அதனால் இதை அறிவுரையாக அல்ல, பட்டவன் சொல்லாகக் கொள்.

உன் ஊர்ப் பிள்ளை கோப்பையோடு திரும்பும் நாளில் நீ மாலையோடு செல்வாய், செல், வாழ்த்து! வாழ்த்திவிட்டு, 'தம்பி, என்ன படிக்கிறாய்?' என்று ஒரு கேள்வியும் கேள். 'படிக்க வசதியில்லை' என்று அவன் தலை குனிந்தால், அடுத்த நாள் உன் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.