மைனஸ் டி-யை எங்கே போடுவீங்க பாஸ்?



ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின நாள். லேப்டாப்பில் பட்டாசா ஓடின ஜாவா வெப் அப்ளிகேஷனை டிபார்ட்மென்ட் சர்வரில் ஏத்துறீங்க. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசையா கேள்விக்குறியா நிக்குது. ராத்திரி 12 மணிக்கு மூட வேண்டிய ரிஜிஸ்ட்ரேஷன், காலையில 5.30 வரைக்கும் திறந்தே கிடக்கு. கோடில் ஒரு எழுத்துகூட மாறலை. அப்புறம் ஏன் இந்த ஆப்பு?

மாறினது கோடு இல்லை, அது ஓடுற இடம். உங்க லேப்டாப் இந்திய நேரத்துல இருந்திருக்கும், சர்வர் யுடிசி நேரத்துல இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஐந்தரை மணி நேரம். இப்படி இடத்துக்கு இடம் மாறுற சங்கதிகளை ஜாவாவோட காதுல போடுறதுக்கு இருக்கிற வழிதான் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி. சிலபஸ்ல ஒரு வரியில தாண்டிப் போயிடுவாங்க. ஆனா, வேலைக்குப் போன முதல் வாரமே இது தேவைப்படும். அதனால இந்த வாரம் இதுதான் மேட்டர்!

அடிப்படை ரெண்டே நிமிஷம்

ஜாவா ப்ரோக்ராம் ஓடணும்னா ஜேவிஎம் வேணும். அது கிளம்பும்போதே ஒரு பட்டியலைக் கையில வெச்சுக்கும். இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் மதிப்பு, அவ்வளவுதான். ஜாவா வெர்ஷன் என்ன, ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன, யூசரோட ஹோம் டைரக்டரி எதுங்கிறதை எல்லாம் ஜேவிஎம்மே நிரப்பிக்கும். நாம சேர்க்கணும்னா ஜாவா கமாண்டில் மைனஸ் போட்டு, ஒட்டினாப்புல கேபிடல் டி போட்டு, பெயர், சமக்குறி, மதிப்பு. நடுவுல இடைவெளி கூடாது. கோடுக்குள்ள சிஸ்டம் கிளாஸோட கெட்ப்ராப்பர்ட்டி மெத்தட்டைக் கூப்பிட்டா மதிப்பு வந்துடும். ரெண்டாவது ஆர்க்யுமென்ட்டா ஒரு டிஃபால்ட் மதிப்பையும் கொடுத்துடுங்க. இல்லேன்னா யாராவது செட் பண்ண மறந்த அன்னிக்கு 'நல்' திரும்பி வரும். பின்னாடியே நல் பாயின்ட்டர் எக்ஸப்ஷனும் வரும்!

ஒரு சின்னப் பொறி இருக்கு. ஜார் ஃபைலை நேரா ஓட்டும்போது, மைனஸ் டி எல்லாமே மைனஸ் ஜார்-க்கு முன்னாடி வரணும். ஜார் பெயருக்குப் பின்னாடி போட்டா ஜேவிஎம் அதைத் தொடாது. உங்க மெயின் மெத்தட்டுக்கு வர்ற சாதாரண ஆர்க்யுமென்ட்டா போயிடும். எரரும் வராது, வேலையும் நடக்காது. தேடித் தேடி கண்ணு பூத்துப் போகும்.

'என்விரான்மென்ட் வேரியபிளும் இதுவும் ஒண்ணுதானே?'னு கேட்பீங்க. இல்லை. அது ஆபரேட்டிங் சிஸ்டம் கொடுக்கிறது. ஜாவாவுக்குள்ள இருந்து படிக்கலாம், மாத்த முடியாது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டி ஜேவிஎம்முக்குள்ள மட்டும் வாழுறது. ஓடும்போதே மாத்தலாம். அந்த 'மாத்தலாம்'லதான் வில்லங்கமே ஆரம்பிக்குது.

இது ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு!

டாம்கேட் சர்வரை ஒரு ஹாஸ்டல்னு வெச்சுக்கங்க. நீங்க ஏத்துற ஒவ்வொரு வார் ஃபைலும் ஒரு ரூம். டிபார்ட்மென்ட்டுல ஒரே டாம்கேட்டில் நாலு டீமோட ப்ராஜெக்ட் ஓடுதுன்னா, ரூம் நாலு, ஆனா கட்டடம் ஒண்ணு. அதாவது ஜேவிஎம் ஒண்ணுதான். சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, கட்டட வாசல்ல தொங்குற நோட்டீஸ் போர்டு. நாலு ரூம்காரங்களும் படிப்பாங்க. நாலு பேரும் அழிச்சு எழுதவும் முடியும்.

உதாரணத்துக்கு, உங்க டீமும் பக்கத்து டீமும் 'கான்ஃபிக் பாத்'னு ஒரே பெயர்ல ப்ராப்பர்ட்டி வெச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்த்தா கடைசியா வந்ததுதான் நிக்கும். உங்க ஆப், அவங்க ஃபைலைப் படிச்சு, அவங்க டேட்டாபேஸ்ல எழுத ஆரம்பிக்கும். இன்னொரு டீம் நேரத்தைச் சரிபண்றேன்னு கோடுக்குள்ளேயே டிஃபால்ட் டைம்ஸோனை மாத்தினா, அந்த ஜேவிஎம்ல இருக்கிற எல்லா ஆப்புக்கும் நேரம் மாறிடும். டெமோ அன்னிக்கு யாரை யார் திட்டுறதுன்னே தெரியாது!

அதனால ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒரு செட்டிங்கை எங்கே எழுதுறீங்களோ, அது யாரையெல்லாம் பாதிக்கும்ங்கிறதை அந்த இடம்தான் தீர்மானிக்குது. மெஷினுக்கே பொதுவான விஷயம்னா போர்டுல எழுதுங்க. உங்க ஆப்போட சொந்த விஷயம்னா உங்க ரூம் கதவுல ஒட்டுங்க.

போர்டுல எழுதுறது எப்படி?

டாம்கேட்டைக் கிளப்புறது பின் ஃபோல்டர்ல இருக்கிற கேடலினா ஸ்கிரிப்ட். 'அதைத் திறந்து நடுவுல ஒரு வரி சொருகினா போச்சு'ன்னு கை பரபரக்கும். வேண்டாம். அடுத்த வெர்ஷன் போடும்போது உங்க வரி காணாமப் போயிடும். என்னைத் தொடாதீங்கன்னு அந்த ஸ்கிரிப்ட்டே மேல கமென்ட்டா எழுதி வெச்சிருக்கு. அதே பின் ஃபோல்டர்ல செட்என்வ் டாட் எஸ்ஹெச்னு புதுசா ஒரு ஃபைல் உருவாக்குங்க. டாம்கேட்டோட இது வராது, நாமதான் உருவாக்கணும். இருந்தா, ஸ்கிரிப்ட் தானா படிச்சுக்கும். விண்டோஸ்ல கமாண்ட் மூலமா ஓட்டினா செட்என்வ் டாட் பேட். விண்டோஸ் சர்வீஸா ஓடுதுன்னா அந்த ஃபைலை அது கண்டுக்காது. சர்வீஸ் மானேஜர் விண்டோவில் ஜாவா டேபுக்குப் போய்தான் சேர்க்கணும்.

உள்ளே எந்த வேரியபிள்ல எழுதுறது? ஜாவா ஆப்ட்ஸ், கேடலினா ஆப்ட்ஸ்னு ரெண்டு இருக்கு. ரெண்டும் கேபிடல்ல, நடுவுல அண்டர்ஸ்கோர். வித்தியாசம் இதுதான்: சர்வரை நிறுத்துறதுக்கும் டாம்கேட் ஒரு குட்டி ஜேவிஎம்மைக் கிளப்புது. ஜாவா ஆப்ட்ஸ்ல போட்டது அந்தக் குட்டிக்கும் போகும். கேடலினா ஆப்ட்ஸ்ல போட்டது சர்வர் ஓடும்போது மட்டும்தான். ஜேஎம்எக்ஸ் மானிட்டரிங்குக்கு ஒரு போர்ட் நம்பரை ஜாவா ஆப்ட்ஸ்ல கொடுத்திருந்தா, ஸ்டாப் பண்ண வந்த குட்டியும் அதே போர்ட்டைத் திறக்கப் பார்த்து முட்டிக்கும். சர்வர் நிக்காது. ஆகவே, கேடலினா ஆப்ட்ஸ்! ஏற்கெனவே அதுல இருக்கிறதை அழிக்காம, பழைய மதிப்புக்குப் பின்னாடி உங்களோடதை ஒட்டுங்க.

கான்ஃப் ஃபோல்டர்ல கேடலினா டாட் ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு ஃபைலும் இருக்கு. டாம்கேட் கிளம்பும்போது அதுல உள்ளதையும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியா ஏத்திக்கும். ஆனா, அதுக்குள்ள ஜேவிஎம் எழுந்து உட்கார்ந்திருக்கும். ஜேவிஎம் எழும்போதே பார்க்கிற விஷயங்களுக்கு இந்த இடம் லேட்.

லேட்டா சொன்னா கேட்காது

இப்போ அந்தக் கேள்விக்குறிகள். லொக்கேல் சரியா செட் பண்ணாத லினக்ஸ் சர்வர்ல, பழைய ஜாவா வெறும் ஆஸ்கியைத்தான் டிஃபால்ட் என்கோடிங்கா எடுத்துக்கும். ஆஸ்கியில தமிழ் எழுத்துக்கு இடம் கிடையாது. இல்லாத எழுத்துக்குப் பதிலா ஒரு '?' போட்டுட்டுப் போயிடும். அப்படியே டேட்டாபேஸ்ல சேவ் ஆயிடுச்சுன்னா பெயர் போனது போனதுதான். கேள்விக்குறியில இருந்து 'கயல்விழி'யைத் திரும்ப எடுக்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

'சரி, கோடுல செட்ப்ராப்பர்ட்டி போட்டு ஃபைல் டாட் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்கிடுறேன்'னு சிலர் கிளம்புவாங்க. பலன் கிடையாது. கிளம்பும்போதே ஒருமுறை படிச்சு ஜேவிஎம் மனசுல வெச்சுக்கிட்டாச்சு. பின்னாடி போர்டை மாத்தி எழுதினா அது திரும்பிப் பார்க்காது. மைனஸ் டி-யா, தொடக்கத்துலேயே கொடுக்கணும். நல்ல செய்தி என்னன்னா, 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18-ல இருந்து எந்த மெஷின்லயும் டிஃபால்ட்டே யுடிஎஃப்-8தான். ஆனா, உங்க லேப் சர்வர்ல ஜாவா 8-ஓ 11-ஓ ஓடுதுன்னா இந்தத் தலைவலி இன்னமும் உங்களோடதுதான். முதல்ல வெர்ஷனைப் பாருங்க. எந்த ஜாவாவா இருந்தாலும் ஃபைலைப் படிக்கிற, எழுதுற இடத்துல கோடிலேயே யுடிஎஃப்-8னு வெளிப்படையா சொல்லிடுறது இன்னும் உத்தமம். நேரத்துக்கும் அப்படித்தான். யூசர் டாட் டைம்ஸோன்ல ஆசியா/கொல்கத்தா கொடுக்கலாம், ஆனா அது மொத்தக் கட்டடத்துக்கும்! உங்க ஆப்புக்கு மட்டும் வேணும்னா, கோடிலேயே ஸோனைக் குறிப்பிட்டு நேரத்தைக் கணக்குப் போடுங்க.

ரூம் கதவுல ஒட்டுறது எப்படி?

உங்க ஆப்புக்கு மட்டும் ஒரு மதிப்பு தரணும்னா டாம்கேட்டில் அழகான வழி இருக்கு. கான்ஃப் ஃபோல்டருக்குள்ள கேடலினா, அதுக்குள்ள லோக்கல்ஹோஸ்ட். அங்கே உங்க ஆப் பெயர்ல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். கான்டெக்ஸ்ட் டேகுக்குள்ள பாராமீட்டர் டேக் போட்டு, பெயரும் மதிப்பும் எழுதுங்க. ஓவர்ரைடு ஃபால்ஸ்னு சேர்த்துட்டா, வார் ஃபைலுக்குள்ள இருக்கிற வெப் டாட் எக்ஸ்எம்எல் இதை மாத்த முடியாது. கோடில் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட்டோட கெட் இனிட் பாராமீட்டரைக் கூப்பிட்டா கிடைச்சுடும். பக்கத்து ரூமுக்குத் தெரியவே தெரியாது. மதிப்பு வார் ஃபைலுக்கு வெளியே இருக்கிறதால, ஒரே வார் ஃபைலை லேபுலயும் ஏத்தலாம், நிஜ சர்வர்லயும் ஏத்தலாம்.

'நான் ஸ்ப்ரிங் பூட் பாஸ்'ங்கிறீங்களா? அதுல வழக்கமா ஆப்புக்கு ஒரு ஜேவிஎம். ஹாஸ்டல் இல்லை, தனி வீடு. போர்டும் உங்களோடது மட்டுமே. வரிசையை மட்டும் தெரிஞ்சுக்கங்க: அப்ளிகேஷன் டாட் ப்ராப்பர்ட்டீஸ்ல உள்ளதை என்விரான்மென்ட் வேரியபிள் ஜெயிக்கும், அதை சிஸ்டம் ப்ராப்பர்ட்டி ஜெயிக்கும், அதையும் கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட் ஜெயிக்கும். 'ஃபைல்ல 8080னு போட்டேன், 9090ல ஓடுதே'ன்னா மேல்படியில யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம்.

பாஸ்வேர்டை போர்டுல எழுதாதீங்க!

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கோடுக்குள்ள வெச்சு கிட்ஹப்ல ஏத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காக மைனஸ் டி-யில போட்டா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. சாதாரணமா ஒரு லினக்ஸ் சர்வர்ல லாகின் இருக்கிற யார் வேணா 'பிஎஸ்' கமாண்ட் அடிச்சு, ஓடுற ப்ராசஸோட முழு கமாண்டையும் பார்க்கலாம். போதாக்குறைக்கு, டாம்கேட் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தனக்கு வந்த ஆர்க்யுமென்ட்டை எல்லாம் லாக்ல எழுதி வைக்கும். 'எரர் வருது, பாருங்க'ன்னு அந்த லாகை க்ரூப்புல ஷேர் பண்ணினா பாஸ்வேர்டும் சேர்ந்து ஊர்வலம் போகும். டாம்கேட்டை ஓட்டுற யூசர் மட்டும் படிக்கிற மாதிரி பெர்மிஷன் போட்ட தனி ஃபைல்ல பாஸ்வேர்டை வைங்க. மைனஸ் டி-யில அந்த ஃபைலோட பாதையை மட்டும் கொடுங்க.

ஒரே வரி, உலகமே தேடின வரி

'இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு பக்கமா?'ன்னு முணுமுணுக்கிறவங்களுக்கு: 2021 டிசம்பர். லாக்ஃபோர்ஜே 2-ங்கிற லாகிங் லைப்ரரியில லாக்ஃபோர்ஷெல்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. அபாய அளவுல 10-க்கு 10. லாக்ல விழுற மாதிரி ஒரு வரியை அனுப்பியே வெளியாள் உங்க சர்வர்ல தன்னோட கோடை ஓட்டலாம். புது வெர்ஷனுக்கு மாறுற வரைக்கும் முதல் கட்ட தற்காப்பா சொல்லப்பட்டதுல ஒண்ணு, 2.10-க்கு மேல இருக்கிறவங்களுக்கு, ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி. லாக்ஃபோர்ஜே2 டாட் ஃபார்மட் மெசேஜ் நோ லுக்கப்ஸ் ஈக்வல் ட்ரூ. ஃபார்மட்டோட மெசேஜை எம்எஸ்ஜின்னு சுருக்கி எழுதணும். ஒரு வரி, ஒரு ரீஸ்டார்ட். அதை எங்கே போடணும்னு தெரிஞ்ச அட்மினுக்கு அது சில நிமிஷ வேலை. தெரியாதவங்களுக்கு?

சில நாள்லயே அந்த வரி மட்டும் போதாதுன்னு தெரிஞ்சது. லைப்ரரியையே அப்டேட் பண்றதுதான் நிஜமான தீர்வுன்னு ஆச்சு. அதுவும் ஒரு பாடம்தான். ப்ராப்பர்ட்டி அவசரத்துக்குப் போடுற பேண்டேஜ். ஆபரேஷன் வேற.

இந்த வார ஹோம்வொர்க்

சர்வரை ஓட விட்டு, ஜேபிஎஸ் கமாண்ட்ல ப்ராசஸ் நம்பரைப் பிடிங்க. ஜேஇன்ஃபோ கமாண்ட்ல மைனஸ் சிஸ்ப்ராப்ஸ் போட்டு, அந்த நம்பரைக் கொடுங்க. மொத்த போர்டும் கண் முன்னாடி வரும். என்கோடிங், டைம்ஸோன், உங்க சொந்தப் ப்ராப்பர்ட்டி மூணையும் சரிபாருங்க. நாம எழுதினதும் ஜேவிஎம் வாங்கிக்கிட்டதும் ஒண்ணுதானான்னு தெரிஞ்சுடும். போர்டுல எழுதித்தான் ஆகணும்னா, பெயருக்கு முன்னாடி உங்க ஆப் பெயரைச் சேர்த்துடுங்க. பக்கத்து டீமோட மோதாது.

கொசுறு: பூலியன் கிளாஸ்ல கெட்பூலியன்னு ஒரு மெத்தட் இருக்கு. அதுக்கு 'ட்ரூ'ன்னு ஸ்ட்ரிங் கொடுத்தா ட்ரூ வரும்னு நினைப்போம். வராது! அந்தப் பெயர்ல சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கான்னுதான் அது தேடும். ஸ்ட்ரிங்கை மாத்தணும்னா பார்ஸ்பூலியன். இன்டர்வியூல கேட்டா அசத்துங்க.

அடுத்த வாரம், பல்லாயிரம் வரி லாக்ல உங்க எரரை மட்டும் பிடிக்கிறது எப்படின்னு பார்க்கலாம். வரட்டா!