தாழ்ந்த காருக்கு எந்த வடிதிருகு?

மோட்டார் எஞ்சினுக்குப் பெட்ரோல் உணவு என்றால், எண்ணெய் அதன் உதிரம் எனலாம். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். மறுபடி ஊற்றினால் ஓடும். எண்ணெய் தீர்ந்த எஞ்சினோ சில நிமிஷங்களில் உலோகத்தோடு உலோகம் உரசிப் பாழாகிவிடும். அவ்வளவு எண்ணெயையும் அடியில் அடைத்து நிற்பது விரலளவுள்ள ஒரு திருகு. இம்மாதம் அதைப் பற்றியே எழுத விழைகிறேன். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கித் தரையை ஒட்டித் தாழ்த்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வகை வடிதிருகு ஏற்றது என்ற கேள்வி நம் சங்கத்து இளைஞர் சிலரிடமிருந்து வந்திருக்கிறது. அத்தகைய கார் வாங்கும் யோகம் ரயில்வே குமாஸ்தாவுக்கு இல்லாவிடினும், கேள்விக்கு விடை தேடும் உரிமை உண்டல்லவா?

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைப் பட்டறைக்காரர் ‘ஆயில் சேம்பர்’ என்பர். அதன் தாழ்ந்த பகுதியில் மரையிட்ட துளை ஒன்று இருக்கும். அத்துளையை ஒரு திருகு அடைக்கும். திருகின் தலைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு வாஷர் அமர்ந்திருக்கும். பழைய எண்ணெயை மாற்றுகையில் இத்திருகைக் கழற்றி வடிப்பார்கள்.

உதாரணத்திற்கு, மஸ்தா கம்பெனியார் 1989 பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.-5 என்னும் இரண்டு இருக்கை வண்டியை எடுத்துக்கொள்வோம். 2016-இல் உற்பத்தி பத்து லட்சத்தை எட்டிய வண்டி அது. தாழ்த்தி ஓட்டும் மோகமுள்ளவர்களிடம் பல தேசங்களிலும் காணப்படுவது. அதன் வடிதிருகு 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உடையது. தம் வண்டிக்குரிய இவ்விரு எண்களையும் அறியாமல் எவரும் கடைக்குப் போகலாகாது. விட்டம் ஒன்றாயிருந்து இடைவெளி வேறுபட்டால், முதற் சுற்று இசைவதுபோல் இசைந்து, பிறகு தொட்டியின் மரையையே அறுத்துவிடும்.

கடையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சாதாரணத் திருகு. இதில் வெளியே நீட்டியிருப்பது தலை மட்டுமே. சாவி நுழையும் குழி தலைக்குள்ளேயே அமைந்ததாயின் இன்னும் தட்டையாக இருக்கும்.

இரண்டாவது, காந்தத் திருகு. வெளித்தோற்றத்தில் முதல் வகையே. உள் நுனியில் மட்டும் ஒரு காந்தம் பதித்திருக்கும். எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகள்களை அது பிடித்து வைக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எஞ்சினின் தேய்மானத்தை ஒருவாறு அறியலாம். அலுமினியத் துகள்களும் செம்பு கலந்த பேரிங் துகள்களும் காந்தத்திற்கு அகப்படா என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, நெம்புகோல் வால்வு. ஜப்பானிய ஃபுமோட்டோ கம்பெனியின் வால்வு இவ்வகையில் புகழ் பெற்றது. திருகு இருந்த இடத்தில் இதை ஒரு முறை பூட்டிவிட்டால் பிறகு ஸ்பேனர் வேண்டியதில்லை. கைப்பிடியைப் பள்ளத்திலிருந்து நகர்த்தித் திருப்பினால் எண்ணெய் வடியும். சிலவற்றில் ரப்பர் குழாய் மாட்ட நீண்ட மூக்கும் உண்டு. கொதிக்கும் எண்ணெய் கைமேல் வழியாது, மரையும் தேயாது. ஆயினும் துளை குறுகியதாதலால் வடிய நேரம் பிடிக்கும். சாதாரணத் திருகின் தலையைக் காட்டிலும் அதிகமாக வெளியே துருத்தி நிற்கும்.

நான்காவது, மூடி வால்வு. ஜெர்மானிய ஸ்டால்பஸ் கம்பெனியார் செய்வது இத்தகையது. உள்ளே ஸ்பிரிங்கோடு கூடிய அடைப்பு. வெளியே ஒரு மூடி. மூடியைக் கழற்றிக் குழாயைத் திருகினால் அடைப்பு திறந்துகொள்ளும். மூன்றாம் வகையைப்போல் கைப்பிடி நீட்டிக்கொண்டிராது.

சௌகரியத்தை மட்டும் பார்த்தால் மூன்றாம் வகையே வெல்லும். தாழ்ந்த காரின் அடியில் ஜாக்கி நுழைவதே கடினம். கையை விட்டுத் திருப்பினால் போதும் என்பது பெரிய ஆசைதான். ஆனால் எண்ணெய் மாற்றுவது ஆண்டுக்கு ஓரிரு முறை. சாலையின் மேடுகளைக் கடப்பதோ அன்றாடம். ஓரிரு நாளின் சௌகரியத்திற்காக ஆண்டு முழுவதும் அபாயத்தைச் சுமப்பது தகுமா என்பதே கேள்வி.

அந்த அபாயத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த ஐ.ஆர்.சி. 99 விதிப்படி, வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். முதல் எம்.எக்ஸ்.-5 வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2,265 மில்லிமீட்டர். மெதுவாகக் கடந்தால், இத்தகைய மேடு சக்கரங்களுக்கு நடுவே வயிற்றை நோக்கி எழும்புவது சுமார் 38 மில்லிமீட்டரே. சக்கரங்களும் மேட்டின்மேல் ஏறி நிற்பதே இதற்குக் காரணம். ஆனால் நம் தெருக்களில் விதியைப் பாராமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் கட்டிய மேடுகள் எத்தனை! அச்சு இடைத்தூரத்தைவிடக் குறுகிய மேடாயின், முன் சக்கரம் இறங்கிய பின்னும் பின் சக்கரம் ஏறியிராது. 10 சென்டிமீட்டரும் அப்படியே வயிற்றுக்கு நேரே நிற்கும். வேகமாக இறங்கி ஸ்பிரிங் அமுங்கினால் நிலைமை இன்னும் மோசம். தாழ்த்தியதால் மூன்று நான்கு சென்டிமீட்டர் இழந்துவிட்ட வண்டிக்கு, வால்வின் மூக்கு மேலும் இரண்டு சென்டிமீட்டரைத் தின்னலாமா?

எங்கள் ரயில்வேயில் பரிமாண அட்டவணை என்று ஒன்று உண்டு. வண்டியின் அடியில் எந்தப் பாகமும் தண்டவாள மட்டத்திலிருந்து குறித்த உயரத்திற்குக் கீழே தொங்கக் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதே முறையைக் காருக்கும் கையாளலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஆயில் சேம்பருக்கு முன்னும் பின்னுமுள்ள உறுதியான தாழ்ந்த பாகங்களை, அதாவது குறுக்குச் சட்டங்களைத் தொடுமாறு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். பூட்டப்போகும் சாமானின் நுனி அந்நூலுக்கு மேலே ஒரு விரற்கடையாவது உள்ளடங்கியிருந்தால் பூட்டலாம். நூலைத் தொட்டாலோ, தாண்டினாலோ அது எவ்வளவு உயர்ந்த சரக்காயினும் உங்கள் வண்டிக்கு ஆகாது. நீண்ட வால்வு மேட்டில் இடித்தால் நெம்புகோல்போல் செயற்படும். அலுமினியத் தொட்டியாயின் துளையைச் சுற்றி விரிசலே கண்டுவிடும்.

ஆகவே, துளை கீழ்நோக்கி இருந்து, நூலுக்கும் அதற்கும் இடம் குறைவாயின், தட்டையான காந்தத் திருகே உத்தமம். துளை பக்கவாட்டிலோ பின்புறமோ நோக்கி, வால்வும் நூலுக்குள் அடங்குமாயின் மூன்றாம் வகை கொள்ளலாம். கைப்பிடி தவறித் திறவாதபடி பூட்டும் கிளிப்பையும் சேர்த்து வாங்குக. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் மூடி வால்வு பொருந்தும். எண்ணெய் அளக்கும் குச்சியின் குழாய் தொட்டியின் அடிவரை செல்லும் வண்டிகளில், அதன் வழியே பம்பு வைத்து உறிஞ்சிவிட்டால் அடியில் புகும் தேவையே இராது.

பூட்டும் முறையும் முக்கியம். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாக இடுக. எம்.எக்ஸ்.-5 திருகுக்குரிய முறுக்கு 30 முதல் 41 நியூட்டன் மீட்டர். 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்கு சுமார் 40. பலசாலிகள் இதைக் கவனிக்க வேண்டும். சக்கரங்களை முதலில் பலகைமேல் ஏற்றினால் தாழ்ந்த காரின் அடியிலும் ஜாக்கி நுழையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவன் தன் குடும்பத்தை நினைக்காதவன். ஸ்டாண்டு கொடுத்த பின்னரே படுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தாழ்த்தும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

வழியில் அடியில் ஏதேனும் இடித்தால், எண்ணெய் விளக்குச் சிவக்கும்வரை காத்திராதீர்கள். உடனே ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திக் குனிந்து பாருங்கள். சொட்டினால் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள், ஓட்டிச் செல்லாதீர்கள். இழுப்புக் கூலி எஞ்சின் விலையில் சிறு பங்கே.

அடுத்த மாதம் பிரேக் எண்ணெயைப் பற்றி எழுதுவேன்.